துண்டுக்குள் இருந்த விலை

ஒண்டிக்கடைச் சந்தியில் ஜெயபிரகாஷ் மிளகு வாங்கினால் எடை ஊருக்கே கேட்கும், விலை இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

எடையைக் கூவுவதற்கென்றே ஜாபெஸ் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிற தொண்டை. சனிக்கிழமை தராசுக்கு முன்னால் நின்று, "இருபதே... இருபது கிலோவே..." என்று அவன் இழுத்தால் பஸ் நிற்கும் இடத்தில் தூங்குகிற நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். எடையில் களவு கிடையாது என்று நாலு பக்கத்து மலைக்கும் சொல்ல அப்படி ஓர் ஏற்பாடு. களவு இருந்த இடம் வேறு. ஜெயபிரகாஷின் தோளில் கிடந்த துண்டுக்கு அடியில் இருந்தது.

எடை முடிந்ததும் விற்க வந்தவரின் வலது கையைத் தன் கையில் வாங்கி, மேலே துண்டைப் போர்த்துவார். முதல் பிடியில் விரலுக்கு நூறு, இரண்டாம் பிடியில் விரலுக்குப் பத்து. ஐந்து விரலையும் சேர்த்து அழுத்திவிட்டு மேலும் ஒன்றைத் தொட்டால் கிலோ அறுநூறு. பிறகு இரண்டாம் பிடியில் இரண்டைத் தொட்டால் அறுநூற்று இருபது. அதன் பின் காதோரம் ஒரு வார்த்தை: "உங்களுக்கு மட்டும். வெளிய சொல்லிப்போடாதீங்க." பணமும் அதே துண்டுக்குள்தான் கை மாறும். அதை அங்கேயே எண்ணிப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவதாகும். மலைக்காரர்கள் அப்படி மரியாதை கெட்டவர்கள் அல்ல. தனக்கு மட்டும் கிடைத்த சலுகையை யார்தான் வெளியே சொல்வார்கள்? இருபது வருஷமாக அவரிடம் மிளகு போட்ட ஒவ்வொருவரும், மற்ற எல்லாரையும் ஏமாளி என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீடு போய்க்கொண்டிருந்தார்கள்.

வாழவந்தி கிராமத்துப் புஷ்பலதாவின் கணவன் உயிரோடு இருந்தவரை அவனும் துண்டுக்குள் கை விட்டவன்தான். ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் மட்டும் விலையைச் சொல்வான். அவன் போன பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். அங்கே ஒரு சிக்கல். நடுச்சந்தியில் ஒரு பெண்ணின் விரலைப் பிடித்து எப்படி விலை பேசுவது? எனவே அவளுக்கு மட்டும் ஜெயபிரகாஷ் வாயால் விலை சொன்னார். வாயால் சொன்ன விலை விரலால் சொன்னதைவிட எப்போதும் ஐம்பது, அறுபது குறைவு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அவள் கேட்டே விட்டாள். "ஏனுங்க மொதலாளி, எங்கூட்டுக்காரருக்குப் புடிச்ச வெரலு எனக்கு மட்டும் ஏனுங்க கொறையுது?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சேலத்தில் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று மூட்டையைத் தூக்கப் போனாள். ஜெயபிரகாஷ் சிரிப்பைக் கலைக்காமலே மூட்டைக்குள் கையை விட்டார், எடுத்தார், எல்லாரும் பார்க்கும்படி விரித்தார். மிளகுக்கு நடுவே ஐந்தாறு பப்பாளி விதை. காயவைத்த பப்பாளி விதையையும் மிளகையும் கலந்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. கலப்படக்காரர்களின் பழைய வேலை அது.

"சத்தமா விலை கேக்கறவங்க சரக்கைப் பாத்துக்குங்க," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அவள் தோட்டத்தில் பப்பாளி மரமே கிடையாது என்பது அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் கொழுந்தன் பிரபாகர் திறந்தான். அந்த மிளகைக் களத்தில் காயவைத்துப் புடைத்துச் சாக்கில் கட்டியதே அவன்தான். "அண்ணி, நம்ம ஊட்டு மானத்தைச் சந்தியில ஏத்திட்டீங்களே," என்று சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனான்.

அன்றைக்கு அவளுக்குப் பெயர் மாறியது. பப்பாளிக்காரி. சேலத்து மண்டிகளுக்கும் அவளுக்கு முன்பே செய்தி போயிருந்தது. மூட்டை வாயைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த வருஷத்து மிளகையும் அடுத்த வருஷத்து மிளகையும் நான்கு மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டாள். மிளகு லேசில் கெடாது. மனத்துக்குள் காயவைத்துக் கட்டியதும் அப்படித்தான்.

பிறகு ஜெயபிரகாஷின் தராசுக் கொட்டகைக்கு நேர் எதிரே, பத்தடி ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு டீக்கடை போட்டாள். பிழைப்புக்கு வழியில்லாமல் இறங்கிவிட்டாள் என்று ஊர் பேசியது. பிழைப்புக்கு வாழவந்தியிலேயே வழி இருந்தது. அவளுக்கு அந்த ஆளை வாரம் தவறாமல் பார்க்க வேண்டியிருந்தது. எப்போது மூக்கைத் தடவுகிறார், எப்போது பொய் சொல்கிறார், எதைக் கண்டால் பயப்படுகிறார் என்று டீ ஆற்றியபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்கும் டீ அனுப்பினாள். நல்ல டீதான். அவளுக்கு வேண்டியது பணமல்ல. அதே இடத்தில், அதே ஜனங்கள் காதில், அந்த விதை தன்னுடையது என்று அவர் வாயால் வர வேண்டும். அதற்கு முன் சாவதாக அவளுக்கு உத்தேசமில்லை.

இந்த வருஷம் மிளகும் தேர்தலும் ஒரே மாதத்தில் வந்தன.

சனிக்கிழமை காலை சேலத்திலிருந்து நாலு லட்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஜெயபிரகாஷ் மலை ஏறுவது வழக்கம். அடிவாரத்தில் பறக்கும் படை நின்றது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். துண்டுக்குள் நடக்கிற வியாபாரத்துக்கு ஏது காகிதம்? முதல் வாரமே பையோடு வண்டியை ஓரங்கட்டினார்கள். பணம் கருவூலத்துக்குப் போனது, அவர் வெறும் கையோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தார். அன்று பூராவும் ஒரு டீயும் கேட்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் போனில்தான் என்று அறிவித்தார். யோசித்துப் பார்த்தால் அவருக்கு அது இன்னும் வசதி. விலை விரலில், பணம் போனில், சத்தமே இல்லை. ஆனால் மலையில் பாதிப் பேர் கையில் பட்டன் போன். வெள்ளக்கடை ஐயாக்கண்ணுவுக்கு வங்கியில் கணக்கு இருக்கிறது, அது எந்த வங்கி என்பதுதான் ஞாபகமில்லை. இப்படிப்பட்ட பத்துப் பன்னிரண்டு பேருக்கு யாராவது ஒரு கடைக்காரர் தன் கணக்கில் பணத்தை வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். ரீசார்ஜ் கடைக்காரன் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கேட்டான். ஜெயபிரகாஷ் ஒன்றுக்கு இறக்கப் பார்த்தார், அவன் ஒன்றே முக்காலில் நின்றுவிட்டான்.

அன்று டீ கொண்டுபோன புஷ்பலதா, தம்ளரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். தன் கடையிலும் ஸ்கேன் அட்டை ஒட்டியிருக்கிறது. ரொக்கத்துக்குத் தானே ஏற்பாடு செய்கிறேன். கமிஷன் வேண்டாம்.

சும்மா செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் வியாபாரி இரண்டு எட்டு பின்னால் போய் நின்று யோசிக்க வேண்டும். ஜெயபிரகாஷும் யோசித்தார். "சும்மா எதுக்கும்மா செய்யற?"

"பணம் வாங்க வர்றவிய ஒரு டீ குடிப்பாங்க, ரெண்டு போண்டா திம்பாங்க. அது போதுமுங்க."

"யாருக்கு எவ்வளவுன்னு வெளிய போவக்கூடாது."

"பப்பாளிக்காரி சொன்னா எவனுங்க நம்பப் போறான்?"

அந்தப் பதிலில் ஜெயபிரகாஷ் விழுந்தார். அவள் சொல்லுக்கு இந்த மலையில் மதிப்பில்லை. அந்த மதிப்பைத் தொலைத்துக் கொடுத்ததே அவர்தான். ரகசியம் வைக்க இதைவிடப் பத்திரமான ஆள் எங்கே கிடைப்பாள்? தான் செய்த வேலை இரண்டு வருஷம் கழித்து வட்டியோடு உதவுகிறதே என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கையில் ரொக்கம் சேர்த்தாள் புஷ்பலதா. ஸ்கேன் அட்டையோடு கம்பெனிக்காரர்கள் கொடுத்த, பணம் விழுந்தால் தொகையைச் சொல்லும் பேசும் பெட்டியைச் சர்க்கரை டப்பாவுக்குள் அணைத்தே வைத்திருந்தாள். பெட்டி எங்கே என்று அவர் ஒரு தரம் கேட்டார். ரிப்பேர் என்றாள். கேட்காமல் இருந்திருந்தால்தான் அவள் கவலைப்பட்டிருப்பாள்.

நான்கு சனிக்கிழமை. எடை முடிந்ததும் ஜெயபிரகாஷ் கொட்டகையில் நின்றபடியே போனில் பணத்தை அனுப்புவார். விற்றவர் ரோட்டைக் கடந்து வந்து நிற்பார். அவள் தன் போனைப் பார்த்து, நோட்டைப் பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்பாள். ஒருவரும் எண்ணவில்லை. அவள் மட்டும் இருபது வருஷத்து ரகசியத்தை வாரம் பன்னிரண்டு பேராகத் தெரிந்துகொண்டிருந்தாள். ஐயாக்கண்ணு முதன்முதலில் ஜெயபிரகாஷை மலைக்குக் கூட்டி வந்தவர், அவருக்குத்தான் இருப்பதிலேயே குறைந்த விலை. இருப்பதிலேயே கூடுதல் விலை பிரபாகருக்கு. ஆள் ஏற்றி ஓட்டுகிற ஜீப்பின் கடனுக்குத் தவணை கட்டாததால் கணக்கில் பணம் விழுந்தால் வங்கி விழுங்கிவிடும். அதனால் தொடுபோன் வைத்திருந்தும் ரொக்கத்துக்கு அண்ணி கடைக்கே வந்தான். கண்ணைப் பார்க்காமல் பொட்டலத்தை வாங்குவான். களத்தில் தானே புடைத்த மிளகு சுத்தம் என்று தெரிந்தும் அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டதற்கு, கிலோவுக்கு எண்பது ரூபாய் கூடுதல். முதல் சனிக்கிழமை அந்தத் தொகையைப் போனில் பார்த்தவள் இன்னொரு முறையும் பார்த்தாள். பிறகு நிதானமாக நோட்டை மடித்தாள்.

ஐந்தாவது சனிக்கிழமை அறுவடையின் உச்சம். வாழவந்தி பஸ்ஸும் வெள்ளக்கடை பஸ்ஸும் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயிருந்தன. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. பப்பாளி விதையைக் காட்டிய அன்றைக்கு நின்ற முகங்கள் அத்தனையும் இருப்பதை அவள் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டாள். பெட்டியை எடுத்தாள். சத்தத்தை முழுசாக ஏற்றினாள். கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற பெரிய அலுமினியக் குண்டானைப் படுக்கவைத்து, அதன் வாயைக் கொட்டகைப் பக்கம் திருப்பி, உள்ளே பெட்டியை வைத்தாள். பிறகு அடுப்பில் பாலை ஏற்றினாள்.

"இருபதே... இருபது கிலோவே..." ஐயாக்கண்ணு. துண்டு போர்த்தியது, விலகியது. ஜெயபிரகாஷ் போனைத் தட்டினார்.

ரூபாய் பன்னிரண்டாயிரம் பெறப்பட்டது.

குண்டானுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சந்தி முழுக்க ஒலித்தது. யாரோ மைக் வைத்து ஓட்டுக் கேட்கிறார்கள் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயபிரகாஷ் அடுத்த மூட்டையில் இருந்தார்.

"இருபதே... இருபது கிலோவே..." சர்ச் தெரு ஸ்தனிஸ்லாஸ்.

ரூபாய் பன்னிரண்டாயிரத்து நானூறு பெறப்பட்டது.

ரோட்டைக் கடந்து பாதி வழி வந்திருந்த ஐயாக்கண்ணு நின்றார். அதே இருபது. நானூறு எங்கிருந்து முளைத்தது? ஜெயபிரகாஷுக்கு இப்போது சத்தம் வரும் திசை புரிந்தது. நிமிர்ந்து எதிர்க்கடையைப் பார்த்தார். ஆனால் அதற்குள் பிரபாகரின் மூட்டையும் இருபதாக நின்று, ஜாபெஸ் அதைக் கூவி முடித்து, அவர் விரல் பழக்கத்தில் ரகசிய எண்ணையும் அழுத்திவிட்டிருந்தது.

ரூபாய் பதின்மூன்றாயிரத்து அறுநூறு பெறப்பட்டது.

எடை எல்லாருக்கும் தெரியும். தொகை இப்போது தெரிந்துவிட்டது. நடுவில் இருக்கிற விலையைக் கண்டுபிடிக்க மலைக்காரர்களுக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. ஒருவர் தன் வாழ்நாளில் முதல் முறையாகப் பக்கத்து ஆளிடம் கேட்டார், உங்களுக்கு எத்தனை விரல் பிடித்தார் என்று. அவர் சொன்னார். இவரும் சொன்னார். விலை குறைந்ததில்கூட அத்தனை கோபமில்லை. உங்களுக்கு மட்டும் என்று எல்லார் காதிலும் ஊதியிருக்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஐயாக்கண்ணு திரும்பிக் கொட்டகைக்குள் போனார். குரல் உயரவில்லை. "ஏனுங்க ஜெயபிரகாசு. உங்களுக்கு இந்த மலையில தண்ணி குடிக்க வழி காட்டினது நானுங்க. என்ற மொளகுதான் நொம்ப ஈரமுங்களா?"

ஈரம், பொக்கு மிளகு, கழிவு என்று ஜெயபிரகாஷ் மூன்று காரணம் ஒரே மூச்சில் சொன்னார். மூக்கைத் தடவிக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு டீக்கடைக்கு வந்து, பெட்டியை நிறுத்தும்படி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ரிப்பேர் ஆனது இன்றைக்குத்தான் சரியாயிற்று என்று புஷ்பலதா சந்தோஷமாகச் சொன்னாள்.

அப்போது அவர் செய்த காரியத்தை அந்தச் சந்தி அதுவரை பார்த்ததில்லை. தோளிலிருந்து துண்டை உருவி, கல்லா மேல் இருந்த அவள் வலது கையின் மேல் போர்த்தினார். உள்ளே அவள் விரல்களைப் பிடித்தார். ஐந்தையும் அழுத்தினார், மேலே இரண்டைத் தொட்டார். எழுநூறு. பரணில் அவள் கட்டி வைத்திருக்கும் மிளகுக்கு, யாருக்கும் கொடுக்காத விலை. இத்தனை காலம் பெண் கை என்று ஒதுக்கிய கையை இப்போது விடுவதாக இல்லை.

அவள் கையை இழுக்கவில்லை. துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கேட்டாள்:

"எழுநூறுங்களா? என்ற மொளகுக்குங்களா, என்ற வாய்க்குங்களா?"

கூட்டம் இந்தப் பக்கம் திரண்டது. ஜெயபிரகாஷ் துண்டை எடுத்துக்கொள்ளவும் மறந்து, என்னதான் வேண்டும் என்று கிசுகிசுத்தார். அவளும் அதே தாழ்ந்த குரலில் சொன்னாள். அன்றைக்கு நின்ற இடத்திலேயே போய் நிற்க வேண்டும். விதை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

அவர் கணக்குப் போட்டார். முகத்தில் அது ஓடுவது தெரிந்தது. இன்னும் ஒன்பது பேர் பாக்கி. ஒவ்வொரு தொகையும் குண்டானிலிருந்து வரும். ஒரு பொம்பளையிடம் ஒரு வார்த்தை தோற்பது அதைவிட மலிவு. மெல்ல ரோட்டைக் கடந்து தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார். உதட்டைக்கூட அசைக்காமல் என்னவோ முனகினார்.

முதலாளி தராசுப் பக்கத்தில் நின்று எது சொன்னாலும் அதை ஊருக்குக் கூவுவதுதான் பதினெட்டு வருஷமாக ஜாபெஸின் வேலை. பழக்கமோ, இல்லை அவனுக்கும் வயிற்றில் ஏதாவது இருந்ததோ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இழுத்தான்:

"வெதையே... வெத மொதலாளி கையில இருந்ததே... அந்தம்மா மொளகு சுத்தமே..."

இரண்டாம் முறையும் கூவினான். எடையை எப்போதும் இரண்டு முறை கூவ வேண்டும்.

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்த ஆட்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புஷ்பலதா ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல் பார்த்தாள். இரண்டு வருஷமாக இந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்ததைவிட ருசியாக இருந்தது.

"சொல்லியாச்சில்ல," என்றார் ஜெயபிரகாஷ், வியர்வையைத் துடைக்கத் துண்டைத் தேடிக்கொண்டு. "பெட்டிய நிறுத்தும்மா."

"நிறுத்தறேன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தார். அவள் சொல்லவே இல்லை. இருபது வருஷமாகப் பேரத்தில் பிழைத்தவர், விலை பேசும்போது எதிராளி என்ன தருவதாகச் சொன்னார் என்பதைக் கேட்க மறந்துவிட்டார்.

அதன் பிறகு பெட்டிக்குத்தான் வேலை. பிரபாகருக்குக் கொடுத்த அறுநூற்று எண்பதை எல்லாருக்கும் கொடுத்தால்தான் மூட்டை உள்ளே போகும், இல்லாவிட்டால் பஸ் ஏறும் என்று ஐயாக்கண்ணு தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மிச்சத் தொகை வரத் தொடங்கியது. ரூபாய் ஆயிரத்து அறுநூறு பெறப்பட்டது. ரூபாய் ஆயிரத்து இருநூறு பெறப்பட்டது. அந்தக் குரலுக்குக் களைப்பே இல்லை. ஒவ்வொரு தரமும் ஜனங்கள் தலையாட்டினார்கள். பொட்டலத்தை வாங்கியவர்கள் அங்கேயே பிரித்து எண்ணினார்கள். ஸ்தனிஸ்லாஸ் எண்ணிவிட்டு, தயங்கித் தயங்கி, அன்றைக்குத் தானும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று ஆரம்பித்தார். பேசியிருக்கலாம்தான் என்று ஒப்புக்கொண்டு, டீக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டாள்.

பிரபாகர் கூட்டம் கலையட்டும் என்று ஜீப்புக்குப் பின்னால் நின்று பார்த்தான். கூட்டம் கலைவதாக இல்லை. கடைசியில் வந்து கையை நீட்டினான்.

"அண்ணி, கடன் கழுத்தை நெரிச்சதுங்க. வேற வழி தெரியல. நாம ஒரே ஊடு..."

அவள் பதின்மூன்றாயிரத்து அறுநூறையும் எண்ணி, மடிக்காமல், எல்லாரும் பார்க்க அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரே ஊடுதான் சாமி. அதனாலதான் உன்றது மூணாவதா வரட்டும்னு வேண்டிக்கிட்டேன். மொதல்லயே வந்திருந்தா யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் அவன் ஜீப்பில் வாழவந்திக்கு ஓர் ஆளும் ஏறவில்லை. கனத்த பையோடு நின்றவர்கள்கூட ஒரு மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், அப்படியேதான். சித்திரை முடிவதற்குள் ஜீப்பைக் கடன்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். தங்களுக்காக நாலு பேரிடம் பேசக் கூடாதா என்று கேட்டு அவன் மனைவி கமலா வந்து நின்றாள். புஷ்பலதா அவளை உட்காரவைத்து, போண்டா கொடுத்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவைத்தாள்.

அவளுடைய நான்கு மூட்டையும் சேலத்தில் நல்ல விலைக்குப் போயின. சங்கிலி கழுத்துக்குத் திரும்பியது. ஊரில் இப்போது அவளைப் புஷ்பலதாம்மா என்கிறார்கள். பழைய பெயரை யாராவது வாய் தவறிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் தொடையில் கிள்ளுகிறார். பட்ட அவமானத்துக்கு இது போதும், இனி விட்டுவிடலாம் என்று ஐயாக்கண்ணு ஒரு நாள் டீ குடித்தபடி பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவளும் ஆமாங்க, ஆமாங்க என்று கேட்டுக்கொண்டாள்.

ஜெயபிரகாஷ் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு கொல்லிமலைப் பக்கம் போய்விட்டார். அங்கே செம்மேட்டில் தராசு கட்டி, புதுத் துண்டு வாங்கி, மறுபடியும் ஆரம்பித்திருப்பதாக லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். புஷ்பலதா பாத்திரத்தைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தராசு ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்தாள். எதிர்ப்பக்கம் யாருடைய கடை என்று விசாரித்தாள். வெண்ணிலா என்று ஒரு பெண், இட்லிக்கடை, புருஷன் இல்லை என்றார் லாரிக்காரர்.

"போன் நம்பர் இருக்குங்களா?" என்றாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.